வழக்குரையும் நகையும்: மத்தவிலாசப் பிரகசனமும் உரோமானிய நீதிமன்ற உரைகளும்

ஆய்வுச் சுருக்கம்

முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம் சமய அங்கதமாகவே பெரும்பாலும் வாசிக்கப்பட்டு வருகிறது. அதன் நடுப்பகுதி முழுவதும் ஒரு களவு வழக்கு. முறையீடு, மறுப்பு, சான்று, நடுவர், நீதிமன்றம் செல்வதா என்னும் ஆலோசனை என வழக்கின் உறுப்புகள் யாவும் அதில் உள்ளன. உரோமானிய நீதிமன்றத்தில் நகையை வாதக் கருவியாக வளர்த்த சிசரோவின் உரைகளோடும் அதற்கு இலக்கணம் வகுத்த நூல்களோடும் இந்நாடகப் பகுதியை ஒப்பிட்டு, நகை வழக்கில் என்ன செய்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சிலப்பதிகாரம், பெரியபுராணம் ஆகியவற்றின் வழக்குக் காட்சிகள் தேவையான இடங்களில் துணையாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: மத்தவிலாசம், மகேந்திரவர்மன், சிசரோ, வழக்குரை, எள்ளல், அதிகரணம், தொண்டைமண்டலம்.

முன்னுரை

செங்கற்பட்டை அடுத்த வல்லம் குன்றில் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை ஒன்று உள்ளது. அதனை எடுப்பித்தவன் அரசன் அல்லன். அவனுக்கு அடங்கிய வயந்தப்பிரியரேசனின் மகன் கந்தசேனன். அக்குடைவரையின் தமிழ்க் கல்வெட்டு, அரசனைப் பகாப்பிடுகு, லளிதாங்குரன், சத்துருமல்லன், குணபரன் என்னும் விருதுப்பெயர்களால் குறிக்கிறது. இடிக்கும் தளிருக்கும் ஒருசேரத் தன்னை உவமித்துக்கொண்ட அவ்வரசன் பூண்ட பெயர்களுள் மத்தவிலாசன் என்பதும் ஒன்று. களிமயக்கில் விளையாடுபவன் என்பது அதன் பொருள். அப்பெயரையே தன் நாடகத்திற்கும் இட்டான். மாமண்டூர்க் குடைவரைக் கல்வெட்டு மத்தவிலாசத்தைப் பகவதஜ்ஜுகம் என்னும் மற்றொரு நகை நாடகத்தோடு சேர்த்துக் குறிப்பிடுகிறது.

இந்நூலைத் திருவனந்தபுரத்தில் த. கணபதி சாஸ்திரியார் 1917இல் பதிப்பித்தார். நூல் வடமொழியிலும் பாகதங்களிலும் அமைந்தமையால் தமிழாய்வாளர் இதனைப் பல்லவர் வரலாற்றுக்குரிய சான்றாக மட்டுமே கையாண்டனர் எனலாம். காஞ்சியின் தெருவும் கள்ளங்காடியும் விகாரையும் அதிகரணமும் நூலின் களங்கள். அவற்றை வருணிப்பவன் அந்நகரின் அரசன். தொண்டைமண்டலத்தில் வழக்கு எவ்வாறு பேசப்பட்டது என்று அறிய விரும்புவோர்க்கு இதைக் காட்டிலும் அணுக்கமான இலக்கியச் சான்று 7ஆம் நூற்றாண்டில் கிடைப்பது அரிது.

உரோமில் நகையின் இடம்

உரோமானியக் குடியரசின் இறுதிக் காலத்தில் வழக்குகள் திறந்த வெளியில், மக்கள் சூழ்ந்து நிற்க நடந்தன. தீர்ப்பாளர் பலர், அவர்கள் வாக்களித்தே தீர்ப்பு அமைந்தது. ஆகவே சட்ட நுணுக்கத்தைவிடக் கேட்போர் மனநிலையை ஆள்வதே வழக்குரைஞனின் முதன்மைத் திறனாயிற்று. கி.மு. 55இல் சிசரோ எழுதிய சொற்பொழிவாளன் பற்றிய உரையாடல் நூலின் இரண்டாம் பகுதியில் நகைக்கெனவே நீண்ட ஆராய்ச்சி ஒன்று இடம்பெறுகிறது. அங்கு ஜூலியஸ் சீசர் ஸ்ட்ராபோ என்னும் பாத்திரம் நகையை இருவகையாகப் பிரிக்கிறது. பேச்சு முழுவதும் சீராகப் பரவி நிற்பது ஒன்று. கூரிய சிறு சொல்லாய்த் தைப்பது மற்றொன்று. நகை பொருளில் உள்ளதா சொல்லில் உள்ளதா என்றும் அவர் வகுக்கிறார். சொற்களை மாற்றியபின் நகை மறைந்துவிட்டால் அது சொல் நகை; எச்சொல்லால் கூறினும் நின்றால் பொருள் நகை. கொடுங்குற்றத்தையும் பெருந்துயரையும் நகையாடலாகாது என்னும் வரம்பும் அங்கே இடப்படுகிறது.

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்துக் குவிண்டிலியன் தம் நூலின் ஆறாம் பகுதியில் இதனை மீண்டும் எடுத்துக்கொண்டார். தீர்ப்பாளரின் இறுக்கத்தையும் இரக்கத்தையும் கலைத்து, அவர் கருத்தை வழக்கின் செய்தியிலிருந்து விலக்கும் ஆற்றல் நகைக்கு உண்டு என்பது அவர் துணிபு. விலக்குதல் என்னும் இச்செயல் கருதற்குரியது. நகை உண்மையை விளக்குவதாக அவர் கூறவில்லை.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. இவற்றுள் எள்ளலே வழக்குமன்றத்திற்கு உரியது. எள்ளலைப் பேராசிரியர் இரண்டாக்கி, தான் பிறரை எள்ளி நகுதலும் பிறரால் எள்ளப்பட்டவழித் தான் நகுதலும் எனக் காட்டுவார். உரோமானிய நூல்கள் முதல் வகையை விரிவாக ஆராய்ந்த அளவு இரண்டாம் வகையை ஆராயவில்லை. மத்தவிலாசத்தை வாசிக்க இரண்டும் வேண்டும். எள்ளுபவனே எள்ளலுக்கு உரியவனாய் நிற்கும் நாடகம் அது.

வழக்கின் வரலாறு

காபாலிகனாகிய சத்தியசோமன் தன் துணைவி தேவசோமையுடன் கள்ளருந்தி மயங்கித் திரிகிறான். கள்ளங்காடியை வேள்விச்சாலையாகக் கண்டு, கள்ளைச் சோமரசமாகவும் குடியரை வேள்வி ஆசான்களாகவும் போற்றுகிறான். அங்கு ஐயம் ஏற்கும்போதுதான் தன் பிச்சைக் கலமாகிய கபாலம் காணாமற் போனதை அறிகிறான். அதில் சுட்ட இறைச்சி இருந்தது. ஆகவே எடுத்தது நாயாக இருக்க வேண்டும், அல்லது பௌத்தத் துறவியாக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டுகிறான். உண்மை இவ்வையத்தின் ஒரு பாதியிலேயே இருக்கிறது. எடுத்தது நாய்தான். ஆனால் நாயோடு வழக்காட முடியாது.

அவ்வழியே நாகசேனன் என்னும் பௌத்தத் துறவி வருகிறான். தனதாசன் என்னும் வணிகன் இல்லத்தில் மீனும் ஊனும் ஏற்று, கலத்தை ஆடையுள் மறைத்து இராசவிகாரைக்குச் செல்கிறான். நல்ல மாடமும் படுக்கையும் உணவும் அனுமதித்த புத்தர் பெண்ணையும் கள்ளையும் ஏன் விலக்கியிருக்க வேண்டும், பொறாமை கொண்ட முதியோர் பிடகத்திலிருந்து அப்பகுதிகளை நீக்கியிருப்பரோ, திருத்தப்படாத மூலப் பாடம் எங்கே கிடைக்கும் என்றெல்லாம் எண்ணியபடி நடக்கிறான். (பதிப்பாசிரியர்களையும் மூலபாட ஆய்வாளர்களையும் இவ்வளவு முன்னதாகவே எள்ளிய இலக்கியம் வேறு உண்டா என்பது தனியே தேடத்தக்கது.)

இங்கு அவையோர்க்கு இரண்டு செய்திகள் ஒருங்கே தெரிகின்றன. துறவியின் மனம் தூயதன்று. அவன் கையிலிருப்பது அவனுடைய கலமே. குணத்தில் குறையுடையவன், குற்றத்தில் தூயவன். சிசரோவின் அவையோர்க்கு இவ்வறிவு ஒருபோதும் வாய்ப்பதில்லை. அவர்கள் குணத்தைக் கண்டு குற்றத்தை ஊகிக்க வேண்டியவர்கள். அவ்வூகத்தை நடத்திச் செல்லவே வழக்குரைஞன் நகையைக் கையாள்கிறான். மகேந்திரன் தன் அவையோர்க்கு விடையை முதலிலேயே கொடுத்துவிட்டு, பொய் வழக்கு ஒன்று எவ்வளவு அழகாகப் பேசப்படலாம் என்பதைப் பார்க்க வைக்கிறான்.

சொல் நகை

துறவி ஆடையுள் எதையோ மறைப்பதைக் கண்டு காபாலிகன் காட்டும்படி கேட்கிறான். பிச்சைக் கலம்தான், மறைத்தே கொண்டு செல்ல வேண்டியது என்கிறான் துறவி. இவ்வாறு மறைப்பதற்காகத்தான் பல ஆடைகளை உடுக்கும்படி புத்தர் அறிவுறுத்தினாரோ என்று காபாலிகன் வினவ, துறவி பேதைமையால் மெய்தான் என்று இசைந்துவிடுகிறான். உடனே வருகிறது அடி: இது சம்விருதி சத்தியம், இனிப் பரமார்த்த சத்தியத்தைக் கேட்க விரும்புகிறேன் என்கிறான் காபாலிகன்.

சம்விருதி என்னும் சொல் பௌத்த மெய்யியலில் உலகியல் உண்மையைக் குறிக்கும். வெறும் சொல்லாக மூடுதல், மறைத்தல் என்று பொருள்படும். எதிரியின் கோட்பாட்டுச் சொல்லையே அவன் ஆடைக்குமேல் போர்த்துகிறது இந்நகை. சிசரோவின் சோதனைப்படி இது தூய சொல் நகை. தமிழில் மொழிபெயர்த்த உடனே பாதி உதிர்ந்துவிடுகிறது.

இதற்கு இணையாக உரோமில் சொல்லத்தக்கது வெர்ரஸ் வழக்கு. கி.மு. 70இல் சிசிலி மாநிலத்தைக் கொள்ளையிட்ட ஆளுநன் வெர்ரஸின்மீது சிசரோ வழக்குத் தொடுத்தார். இலத்தீனில் சட்டத்திற்கும் குழம்பிற்கும் ஒரே சொல்; வெர்ரஸ் என்னும் பெயர் பன்றியையும் குறிக்கும். வெர்ரஸின் நீதி என்பது பன்றிக் குழம்பு என்றும் ஆகும். சிசரோ இதனைத் தாம் சொன்னதாகச் சொல்லாமல், மக்கள் வழங்கிய கேலியாக எடுத்துக்காட்டினார். மலிவான சிலேடையின் பயனையும் கொண்டு, அதன் இழுக்கிலிருந்தும் தப்பும் உத்தி அது. எதிர்த்தரப்பு வழக்குரைஞர் ஹார்ட்டென்சியஸ் தமக்குப் புதிர்கள் விளங்கா என்றபோது, உம் வீட்டில்தான் ஸ்பிங்க்ஸ் உண்டே என்று அவர் விடையளித்ததாகப் புளூட்டார்க் பதிவு செய்கிறார். ஸ்பிங்க்ஸ் புதிர் போடும் கிரேக்கப் பெண் பூதம். அதன் சிலை ஒன்றை ஹார்ட்டென்சியஸ் வெர்ரஸிடம் பரிசாகப் பெற்றிருந்தார். ஆகவே அவ்விடை நகையாகவும் கையூட்டுக் குற்றச்சாட்டாகவும் ஒரே வேளையில் நின்றது.

காபாலிகன் சொற்களிலும் இத்தகைய சான்றுகள் உண்டு. சண்டையில் துறவியின் தலைமயிரைப் பற்ற முயன்ற தேவசோமை, பற்ற மயிரின்றி விழுகிறாள். தலையை மழிக்கச் சொன்ன புத்தரின் முன்னறிவைக் காபாலிகன் வியக்கிறான். விழுந்தவளைத் துறவி கைகொடுத்துத் தூக்க, என் காதலியை இவன் பாணிக்கிரகணம் செய்கிறான், மாகேசுவரரே காணுங்கள் என்று கூவுகிறான். கைப்பற்றுதலும் மணம் புரிதலும் அச்சொல்லில் ஒன்றே. இரக்கச் செயலைக் குற்றச்செயலாக்க ஒரு சிலேடை போதுமாயிருக்கிறது.

வாய் தவறுதலும் இரு மரபுகளிலும் வழக்குக் கருவியாகிறது. கேலியஸுக்காகப் பேசிய கி.மு. 56ஆம் ஆண்டு உரையில் சிசரோ, குளோடியா என்னும் பெண்ணின் சகோதரனைக் குறிக்க வேண்டிய இடத்தில் கணவன் என்று சொல்லி, சகோதரன் என்று சொல்ல நினைத்தேன், எப்போதும் இங்கே தவறிவிடுகிறேன் என்று திருத்திக்கொள்கிறார். நடிப்புத் தவறு; நஞ்சுடையது. சத்தியசோமனும் தேவசோமையைச் சோமதேவை என்று தவறாக அழைக்கிறான். அது உண்மைத் தவறு, கள் செய்தது. யார் அந்தச் சோமதேவை என்று அவள் ஊட, மாட்டிக்கொள்பவன் பேசியவனே. எள்ளலின் இரு வகைகளும் இவ்விரு தவறுகளில் பிரிந்து நிற்கின்றன.

கோட்பாட்டைக் கூண்டிலேற்றல்

கி.மு. 63இல் முரேனாவுக்காகப் பேசியபோது சிசரோவுக்கு ஓர் இடர்ப்பாடு இருந்தது. எதிரில் நின்ற கேட்டோ அப்பழுக்கற்றவர் என்று ஊரே மதித்தது. அவர் குணத்தைத் தாக்க வழியில்லை. ஆகவே சிசரோ அவர் பின்பற்றிய ஸ்டோயிக் மெய்யியலைத் தாக்கினார். எல்லாக் குற்றங்களும் சமம் என்பது அக்கொள்கை. அப்படியானால் தேவையின்றிச் சேவலைக் கொன்றவனும் தந்தையைக் கழுத்து நெரித்தவனும் ஒரே குற்றவாளிகள் என்று அவர் விரித்தபோது அவை நகைத்தது. எவ்வளவு நகைச்சுவையான கன்சல் நமக்கு வாய்த்திருக்கிறார் என்று கேட்டோ புன்முறுவலுடன் சொன்னதாகப் புளூட்டார்க் எழுதுகிறார். முரேனா விடுதலை பெற்றார்.

சத்தியசோமனும் இதே வழியில் செல்கிறான். களவு நூல் செய்தவனாகச் சொல்லப்படும் கரபடனை வணங்குவதா, அவனினும் மேம்பட்ட புத்தரை வணங்குவதா என்று தொடங்குகிறான். அந்தணர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேதாந்தத்திலிருந்தும் மகாபாரதத்திலிருந்தும் கருத்துகளைக் கவர்ந்தவர் ஆயிற்றே என்பது அவன் காரணம். மேலும், கண்முன் நிற்கும் நிலத்தையும் கடலையும் மலையையுமே இல்லையென்று வாதத்தால் மறைக்க வல்லவர் வழிவந்தவனுக்கு இச்சிறு கபாலத்தை மறைப்பது அரிதோ என்கிறான். மாயாவாதம் களவுக்கான திறமைச் சான்றாகிவிடுகிறது.

இருவர் நகையிலும் தருக்க அமைப்பு ஒன்றே. கோட்பாட்டை அதன் எல்லைவரை இழுத்து, அன்றாட வாழ்வின் சிறு பொருள் ஒன்றின்மேல் இறக்கி வைத்தல். அங்கே சேவல், இங்கே கபாலம். இது வாதம் ஆகுமா என்னும் வினாவிற்குச் சட்டநோக்கில் ஆகாது என்பதே விடை. கோட்பாடு பற்றிய நகை, நடந்த செயல் பற்றி எதையும் மெய்ப்பிப்பதில்லை. கேட்டோவின் மெய்யியல் எதுவாயினும் முரேனா வாக்குகளை விலைக்கு வாங்கினாரா என்பது தனி வினா. நகைத்த அவை அதனை மறந்தது.

சான்றும் சொல்லும்

சண்டை முற்றிய நிலையில் பப்ருகல்பன் என்னும் பாசுபதன் நடுவனாக வருகிறான். அவனுக்கும் பழம்பகை உண்டு. தான் விரும்பிய பெண்ணைப் பொருள் காட்டிக் கவர்ந்தவன் இத்துறவியே. பகைவன் நடுவனாக அமரும் இவ்வமைப்பை நாடகம் ஒளிப்பதில்லை. ஆயினும் கேள்வி கேட்கும் முறையில் பாசுபதன் ஒழுங்கு காக்கிறான். எடுத்தாயா என்று வினவ, துறவி தன் விடையாக ஒழுக்க விதிகளை ஒப்பிக்கிறான்: கொடாததைக் கொள்ளாமை, பொய்யாமை முதலியன. பொய் சொல்வது எங்கள் மரபன்று என்கிறான் காபாலிகன். இரண்டும் தக்கனவே, எவ்வாறு முடிவு செய்வது என்று நடுவன் திகைக்கிறான். வெறும் மேற்கோளால் ஏது நிறுவப்படாது என்கிறான். காட்சி இருக்க ஏது எதற்கு என்கிறான் காபாலிகன்.

அளவை நூற் கல்வி காஞ்சியின் பெருமைகளுள் ஒன்று. அதன் கலைச்சொற்கள் இங்கே கள் நாற்றத்தோடு தெருவில் உருள்கின்றன. துறவி வேறு வழியின்றிக் கலத்தை வெளியே காட்டுகிறான். கலம் கறுப்பு, தொலைந்த கபாலம் வெண்மை. வழக்கு அத்துடன் முடிந்திருக்க வேண்டும். நிறம் வேறு என்று நீயே ஒப்புக்கொண்டமையால் இது எனது என்றாயிற்று என்று துறவி சரியாகவே வாதிடுகிறான். வெண்துணியைக் காவியாக்கத் தெரிந்தவனுக்கு வெண்கலத்தைக் கறுப்பாக்கத் தெரியாதா என்று காபாலிகன் அதனையும் புரட்டுகிறான். தேவசோமை முழுமதி போன்ற கபாலம் கறுத்ததே என்று அழத் தொடங்குகிறாள். அவனோ கழுவாய் செய்தால் தூய்மையாகும் என்று ஆறுதல் சொல்கிறான்.

பெரியபுராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் ஆட்சி, ஆவணம், காட்சி என மூன்று சான்றுகளுள் ஒன்றைக் கேட்கின்றனர். முதியவராய் வந்த இறைவன் மூல ஓலையைக் காட்டுகிறார். நம்பியாரூரின் பாட்டனார் எழுத்தோடு அது ஒப்பிடப்பட்டு, நம்பி தோற்றார் என்று தீர்ப்பு வருகிறது. தொண்டைமண்டலத்துக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், வாதியைப் பித்தன் என்று பிரதிவாதி ஏசும் எள்ளலை அதே காட்சியில் வைத்துள்ளார். ஆயினும் அங்கே எள்ளல் சான்றைத் தொடுவதில்லை. ஓலை தனியே பேசுகிறது. மத்தவிலாசத்தில் ஆவணம் இல்லை, ஆட்சிக்குச் சாட்சி இல்லை. எஞ்சியது காட்சி ஒன்றே. அதுவும் நகையால் நிறம் மாற்றப்படுகிறது.

அதிகரணத்தாரின் வாய்

தம்மால் முடிவு காண இயலாத இவ்வழக்கை அதிகரணத்திற்குக் கொண்டு செல்வோம் என்கிறான் பாசுபதன். அப்படியானால் கபாலத்திற்கு ஒரு கும்பிடு என்கிறாள் தேவசோமை. பல விகாரைகளின் வருவாயிலிருந்து சேர்த்த பொருளால் இத்துறவி அதிகரணத்தார் வாயை நிரப்ப வல்லவன். பாம்புத் தோலும் திருநீறும் மட்டுமே உடைய காபாலிகனின் பணிப்பெண்ணாகிய எனக்கு அங்கே நுழைய ஏது பொருள் என்பது அவள் கூற்று.

நாடகத்தில் மிகக் கூர்மையான சொல் இதுவே. பாகதம் பேசும் ஏழைப்பெண் வாயில், அந்நகரின் அரசன் தன் சொந்த நீதிமன்றத்தைப் பற்றி வைத்த சொல் இது. பாசுபதனும் காபாலிகனும் வடமொழி பேசுகின்றனர். தேவசோமையும் துறவியும் பாகதமே பேசுகின்றனர். நாடக மரபு விதித்த இம்மொழிப் பங்கீடு இவ்விடத்தில் வேறொரு பொருளும் பெறுகிறது. கல்வி மொழியில் சிலேடைகள் பறக்க, நீதிமன்றத்தின் உள்ளியல்பை அறிந்த சொல் கீழ்நிலை மொழியிலிருந்து வருகிறது. விகாரைகள் செல்வமுடையனவாயிருந்தன என்பது நாடகக் கற்பனையன்று. மகேந்திரனுக்குப் பின் சில ஆண்டுகளில், ஏறத்தாழ 640இல், காஞ்சி நாட்டைப் பற்றி எழுதிய சீனப் பயணி யுவான் சுவாங், நூறளவில் மடங்களும் பதினாயிரம் துறவியரும் இருந்ததாகக் குறித்தார்.

பாசுபதன் உடனே மறுக்கிறான். மாளிகையைத் தூண்கள் தாங்குவதுபோல் நேர்மையும் உறுதியும் குடிப்பிறப்பும் உடையோர் அவையைத் தாங்குகின்றனர் என்கிறான். இம்மறுப்பை அரசவை நாகரிகம் கருதிச் சேர்த்த பூச்சாகக் கொள்வோர் உளர். அக்கருத்து ஏற்றற்கு உரியதாகத் தோன்றவில்லை. மறுப்பைச் சொல்பவன் துறவியின் பகைவன். அதிகரணம் செல்ல அவனுக்குச் சொந்தக் காரணம் உண்டு. அவையைப் புகழும் நாவே நடுநிலை இல்லாத நாவாக இருப்பதை அவையோர் அறிவர். குற்றச்சாட்டும் மறுப்பும் இவ்வாறு எதிரெதிரே நிற்க விடப்பட்டுள்ளன; எது மெய் என்று நாடகம் சொல்வதில்லை. வெர்ரஸ் வழக்கிலும் சிசரோ தீர்ப்பாளர்களை நேராக நோக்கி, செல்வனுக்குத் தண்டனை இல்லை என்று ஊர் பேசுகிறது, இன்று தீர்ப்புக்கு உள்ளாவோர் நீங்களே என்று எச்சரித்தார். அங்கே அச்சொல் அச்சுறுத்தல்; தீர்ப்பைப் பெறுவதற்கானது. தேவசோமையின் சொல் எதையும் பெறுவதற்கன்று. இழந்ததை விட்டுவிடுவோம் என்னும் முடிவு அது.

மாமல்லபுரத்துப் பூனையை இங்கு நினைவுகூரலாம். அருச்சுனன் தவம் என்றும் பகீரதன் தவம் என்றும் வழங்கும் பெரும் பாறைச் சிற்பத்தில், தவசியைப் போலவே கைகளைத் தலைமேல் உயர்த்தி ஒரு பூனை நிற்கிறது, எலிகள் சூழ்ந்துள்ளன. பொய்த் தவப் பூனையின் கதை மகாபாரதத்தில் உண்டு. பஞ்சதந்திரத்தில் அப்பூனை நடுவனாகவே அமர்கிறது. பொந்து யாருக்கு உரியது என்று வழக்காடி வந்த முயலையும் பறவையையும், காது கேட்கவில்லை, அருகில் வாருங்கள் என்றழைத்துத் தின்றுவிடுகிறது. பாறையில் எலிகள் இருத்தலால் அது மகாபாரதக் கதையின் சாயல் என்பதே பொருத்தம். ஆயினும் அரசன் செய்வித்த பெருஞ்சிற்பத்திலேயே தவத்தின் போலிக்கு இடம் ஒதுக்கும் மனப்பாங்கு, அரசன் எழுதிய நாடகத்திலேயே நீதிமன்றத்தின் விலைக்கு இடம் ஒதுக்கும் மனப்பாங்கிற்கு உறவுடையது.

அதே கடற்கரையில் இதற்கு மாறான குரலும் உண்டு. கணேச இரதத்திலும் தருமராசர் மண்டபத்திலும் உள்ள வடமொழிக் கல்வெட்டு, உருத்திரனை உள்ளத்தில் கொள்ளாதாரை ஆறு முறை சபிக்கிறது. அது நகை அறியாத சமயக் குரல். மத்தவிலாசத்தைச் சைவ அரசன் பௌத்தரைத் தாக்கிய நூலாக மட்டும் வாசிப்போர் இக்கல்வெட்டை அருகில் வைத்து நோக்கின் வேறுபாடு விளங்கும். சபிப்பவர் தாம் சபிக்கப்படும் இடத்தில் நிற்பதில்லை. மத்தவிலாசத்தில் காபாலிகன், பாசுபதன் ஆகிய சைவர் இருவரும் நகைக்கு உரியவர்களே. குற்றமற்றவனாக எஞ்சுபவன் பௌத்தன்.

சிமிழும் கபாலமும்

கேலியஸ் வழக்கில் ஒரு நஞ்சுச் சிமிழ் பேசப்பட்டது. குளோடியாவைக் கொல்ல நஞ்சு அனுப்பப்பட்டதாகவும், பொதுக் குளியற்கூடத்தில் அது கைமாறும்போது மறைந்திருந்த நண்பர்கள் பாய்ந்ததாகவும், கொண்டுவந்தவன் தப்பிவிட்டதாகவும் வாதித் தரப்புக் கூறியது. சிசரோ இதனைக் கூத்தாக்கிவிட்டார். எங்கே ஒளிந்திருந்தார்கள், ஆடையோடு குளியற்கூடத்துள் எவ்வாறு நின்றார்கள், இத்தனை பேர் கையிலிருந்து ஒருவன் எவ்வாறு நழுவினான் என்று அடுக்கி, இது முடிவு தெரியாத நகைக்கூத்தின் இறுதி என்றார்: முடிவு கிடைக்காதபோது ஒருவன் தப்பியோடுவான், தாளம் ஒலிக்கும், திரை உயரும். கேலியஸ் விடுதலை ஆனார். சிமிழில் நஞ்சு இருந்ததா என்பது இன்றும் ஆய்வாளரிடையே பேசப்படுகிறது. நீதிமன்றத்தைக் கூத்துமேடையாக்கிய அந்நகை ஒரு வினாவை விடையின்றியே மூடிவிட்டது.

மகேந்திரன் கூத்துமேடையை நீதிமன்றமாக்கினான். அவன் கூத்துக்கும் முடிவு கிடைப்பது நழுவி வரும் ஒருவனாலேயே. அதிகரணம் நோக்கி நால்வரும் நடக்கையில், நாயிடமிருந்து பறித்த கபாலத்துடன் ஒரு பித்தன் எதிர்ப்படுகிறான். அவன் பேச்சில் தொடர்ச்சி இல்லை. அவன் கையில் சான்று இருக்கிறது. ஏதுவும் மேற்கோளும் காட்சியும் கொண்டு கற்றோர் தீர்க்க முடியாததை, எதையும் மெய்ப்பிக்க எண்ணாத ஒருவன் தீர்த்துவிடுகிறான்.

களவுபோன ஓர் அரும்பொருள், குற்றமற்ற ஒருவன்மேல் பழி, கையில் இருக்கும் பொருளே சான்று என்னும் துணிபு: இக்கதையமைப்பைத் தமிழர் வேறிடத்தில் நன்கு அறிவர். சிலப்பதிகாரத்தில் கோவலன் கையில் சிலம்பு இருந்தது, அரசன் ஆராயவில்லை, கொலை முந்தியது, மணிப்பரல் பின்னரே தெறித்தது. வழக்குரை காதையில் சான்று வந்து சேர்ந்தபோது காக்கப்பட வேண்டியவன் உயிரோடு இல்லை. இரு நூல்களையும் பிரிப்பது காலமே. மதுரையில் பேச்சே நிகழாமல் தீர்ப்பு நிகழ்ந்தது. காஞ்சித் தெருவில் பேச்சு முடிவதே இல்லை. சம்விருதி, பாணிக்கிரகணம், காவிநிறம் என்று காபாலிகன் புரட்டிய ஒவ்வொரு சிலேடையும் துறவிக்கு எதிரானதே. ஆயினும் ஒவ்வொன்றும் தண்டனையைச் சிறிது தள்ளிப்போட்டது. நாய் பித்தனைச் சந்திக்கவும் பித்தன் தெருவிற்கு வரவும் அவ்வளவு நேரம் தேவைப்பட்டது. உரோமில் நகை வாக்கெடுப்பை நோக்கி விரைகிறது. இங்கே வாக்களிக்க எவரும் இல்லாமையால், பொய்வழக்கின் நகையே பழிக்கப்பட்டவனுக்குத் தவணை ஆகிறது. இது நாடகாசிரியன் திட்டமிட்ட கருத்தா என்று உறுதிகூற இயலாது; நிகழ்ச்சிக் கோவை அவ்வாறே அமைந்துள்ளது.

கபாலம் கைக்கு வந்ததும் சத்தியசோமன் செய்வது ஒன்றுண்டு. நாகசேனனிடம் தன் பிழையைப் பொறுக்கும்படி வேண்டுகிறான். இதற்கு வேண்டுதலும் வேண்டுமோ, உனக்கு வேறு என்ன இனியது செய்யட்டும் என்கிறான் துறவி. சிசரோ எழுதி வெளியிட்ட வழக்குரைகளில் குளோடியாவிடமோ பிற எதிராளியிடமோ இத்தகைய சொல் இல்லை; வெற்றிபெற்ற வழக்குரைஞனுக்கு அதற்குரிய இடமும் இல்லை. மத்தவிலாசத்தை இன்றுவரை மேடையில் காத்துவரும் கேரளக் கூத்து மரபில், காபாலிகனாக வேடமேற்பவர் ஒரு சாக்கியார். நாடகம் கோயிலில் நேர்த்திக்கடனாக நடத்தப்படுகிறது.